பஞ்சகல்யாணி

சிங்கப்பூரில் சொந்தக் குதிரை வைத்திருக்கும் தமிழரைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது எளிது. அவரே சொல்லிவிடுவார். நீங்கள் மழையைப் பற்றிப் பேச்செடுத்தால், “ஆமாம், ஈரத்தில் குளம்பு ஊறிவிடும்” என்பார். மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் நீட்டினால், “சனிக்கிழமையா? அன்றைக்கு லாடம் அடிக்க ஆள் வருகிறாரே” என்று நெற்றியைத் தேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில், முழங்கால்வரை காலணியும் தொடையோடு ஒட்டிய கால்சட்டையுமாகத் தோசைக்கு வரிசையில் நிற்பவரும் அவர்தான். காலணியில் சேறு காய்ந்து கிடக்கும். துடைக்க மாட்டார். துடைத்துவிட்டால் யாரும் விசாரிக்க மாட்டார்களே!

இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சொற்பம். ஆனால் ஒருவரைப் பார்த்தால் போதும், மற்றவர்களையும் பார்த்த மாதிரிதான். ஆகையால் எல்லாரையும் ஒரே ஆளாக்கி ‘நம்மவர்’ என்று வைத்துக்கொள்வோம்.

நம்மவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. செங்காங்கில் ஐந்தறை வீவக வீடு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அப்பா பேசினால் காதிலிருந்து ஒரு பக்கத்துக் கருவியை மட்டும் கழற்றும் வயது. மாரத்தான் ஓடிப் பார்த்தார், முழங்கால் மறுத்துவிட்டது. கோல்ஃப் கிழவர்களின் விளையாட்டு என்று அவருக்கு ஓர் எண்ணம். இந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் யாரோ ஒருவர் குதிரைச் சவாரிப் பயிற்சிக்குப் போய்வந்த படத்தைக் காட்டினார். 1960இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தை அப்பாவின் மடியிலிருந்தபடி வீடியோவில் பார்த்த ஞாபகமும், 1995இல் ‘முத்து’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஞாபகமும் ஒன்றாக எழுந்து நின்றன. பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார்.

பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் கிடைத்தது ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை. பத்தொன்பது வயது. முதுகு கொஞ்சம் குழிந்திருக்கும், கீழுதடு தொங்கும். எத்தனையோ பிள்ளைகளைச் சுமந்து பழகிய அந்த மகானுபாவர், யார் ஏறினாலும் அரை விநாடியில் எடைபோட்டுவிடுவார். நம்மவர் வலப்பக்கம் சரிந்தால் அதுவும் வலப்பக்கம் நகர்ந்து அவரைத் தன்மேல் நிறுத்திக்கொள்ளும். அவர் கடிவாளத்தைத் தப்பாக இழுத்தாலும், பயிற்சியாளர் வாயிலிருந்து வரும் சொல்லைக் கேட்டு அது சரியாகத் திரும்பும். நம்மவரோ தாம்தான் திருப்பினோம் என்று பயிற்சியாளரைப் பெருமையோடு பார்ப்பார். நல்ல குதிரை ஆரம்பக்காரருக்குச் செய்யும் ஒரே துரோகம் இதுதான்: அவருக்குச் சவாரி தெரியும் என்று அவரையே நம்பவைத்துவிடும்.

ஒன்பதாவது பாடத்தில் வெள்ளைக்காரர் கொஞ்சம் வேகநடை போட்டார். நம்மவர் விழவில்லை. அன்றிரவே, “இந்தக் கிழத்தின்மேல் உட்கார்ந்து என் திறமை வீணாகிறது” என்று மனைவியிடம் சொன்னார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் குதிரையேற்றத்தில் கலந்துகொண்ட கரோலின் சியூவின் பேரும் அந்தப் பேச்சில் வந்து போனது. மனைவி சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நிறுத்தவில்லை, வேகம் மட்டும் கூடியது.

செய்தியை நண்பர்களுக்கு அறிவிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் ரேஸ் கோர்ஸ் ரோடு. வாழையிலையில் மீன்தலைக் குழம்பு வந்திறங்கியதும் சரித்திரம் தொடங்கியது. “இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் தெரியுமா? 1842இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் ஆரம்பித்தார்கள். மறுவருஷம் பிப்ரவரியில் ஃபேரர் பார்க்கில் முதல் பந்தயம். நாம் சோறு தின்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் குதிரை ஓடியது!” அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 1933இல் பந்தயத் திடல் புக்கித் தீமாவுக்குப் போனது, 1999இல் கிராஞ்சிக்கு. லிட்டில் இந்தியாவில் மிஞ்சியவை பெயர்கள்தாம். பஃபலோ ரோடு, அதையே மலாயில் சொல்லும் கெர்பாவ் ரோடு, மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயரைத் தாங்கிய ரோடு என்று சிராங்கூன் சாலையைச் சுற்றிலும் கால்நடைக் காலத்தின் தடங்கள். பொங்கலுக்கு வேலிக்குள் கொண்டுவந்து நிறுத்தும் மாடுகளோடு படம் எடுத்துக்கொள்வதைத் தவிர இன்று அங்கே யாருக்கும் கால்நடையோடு சகவாசம் கிடையாது. “அந்தப் பாரம்பரியத்தை நான் தொடரப்போகிறேன்” என்றார் நம்மவர். நண்பர்கள் மீன் கண்ணை யார் எடுத்துக்கொள்வது என்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

காலமும் அவருக்குச் சாதகமாக அமைந்துவிட்டது. 2023 ஜூன் 5ஆம் தேதி, பந்தயத்தையே முடித்துக்கொள்ளப்போவதாக அறிவிப்பு வந்தது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம். நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே வீடுகள் எழும். இடைப்பட்ட காலத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளுக்குப் புது இடம் தேட வேண்டிய அவசியம் உரிமையாளர்களுக்கு வந்தது. ‘நல்ல வீடு கிடைத்தால் சும்மாவே கொடுத்துவிடுகிறோம்’ என்ற ஒரு வரி கைப்பேசி கைப்பேசியாக நகர்ந்து நம்மவரின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது.

சும்மா! லிட்டில் இந்தியாவில் கறிவேப்பிலைகூடச் சும்மா வருவதில்லை.

பார்க்கப் போனார். பார்த்ததும் முடிந்தது கதை. செம்பழுப்பு உடம்பு, நான்கு காலிலும் வெள்ளை, நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. அசல் பஞ்சகல்யாணி. ஐந்தடி ஆறங்குலம் உயரமுள்ள நம்மவரின் கண்ணுக்கு நேராக அதன் தோள் இருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்தது, எட்டு வயது. 1,200 மீட்டரை 70 விநாடிகளில் கடந்து பழகியது. அதாவது மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். நம்மவர் அதுவரை அடைந்திருந்த உச்சவேகம், பேருந்துக்கு ஓடும் பள்ளிப் பையன் அவரைத் தாண்டிப் போகும் வேகம்.

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ், ஜோகூரிலிருந்து தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வரும் பெரியவர். முப்பது வருஷமாகக் குதிரைகளோடுதான் வாழ்க்கை. நம்மவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாஸ், இது ஓடுற குதிரை. நிக்கிற குதிரை இல்ல.”

“பார்த்ததுமே எனக்குப் பிடிச்சுப்போச்சு.”

“நீங்க குதிரையப் பாத்தீங்க பாஸ். குதிரை இன்னும் உங்களப் பாக்கலையே.”

நம்மவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

குதிரை வாங்குகிறவர்கள் செய்யும் காரியங்கள் சில உண்டு. பழகியவர் ஒருவரை அழைத்துப்போய் முதலில் அவரை ஏறச் சொல்லிப் பார்ப்பது. பிறகு தாமே ஏறிப் பார்ப்பது. முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு நாள் போவது. கால்நடை மருத்துவரை வரவழைத்து, காலை மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடச்சொல்லி நொண்டுகிறதா என்று பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது, பல்லைப் பார்ப்பது. நம்மவர் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்: “ஓசிக் குதிரைக்கு எக்ஸ்ரேயா?” தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொன்ன நம் பெரியவர்கள், குதிரையைச் சேர்க்காமல் விட்டதில் ஒரு காரணம் இருக்க வேண்டும். தானமாக வந்த மாடு பால் கொடுக்காவிட்டால் நஷ்டம் பால்தான். குதிரையின் நஷ்டக் கணக்கில் இடுப்பெலும்பும் சேரும்.

ஆனால் நிபுணரைக் கேட்காமலே வாங்கினார் என்று சொல்ல முடியாது. அந்தியூரிலிருக்கும் தாய்மாமாவைக் காணொளியில் அழைத்தார். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குச் சிறு வயதிலிருந்து போய்வருபவர் மாமா. கத்தியவாரியும் மார்வாரியும் கண்ணால் கண்டவர். வாங்கியதில்லை, கண்டவர்.

“நெத்தியக் காட்டு கண்ணு… இன்னும் கிட்ட… சுழி ஒண்ணா ரெண்டா?”

“ஒண்ணுதான் மாமா.”

“கழுத்துல?”

கைப்பேசியைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனபோது பஞ்சகல்யாணி அதைத் தின்னப் பார்த்தது. மாமாவுக்கு அரை நிமிஷம் பற்கள் மட்டுமே தெரிந்தன. “அருமையான குதிரை! ராஜ லட்சணம்!” என்றார். அந்த வகையில் பல் பரிசோதனையும் நடந்துவிட்டது.

குதிரைக்குப் பந்தயத்தில் இருந்த ஆங்கிலப் பெயரை நீக்கிவிட்டு, தேசிங்கு ராஜன் கதைப்பாடலில் வரும் குதிரையின் பெயரான ‘பாராசாரி’யைச் சூட்டினார். பாராசாரி அந்தப் பெயருக்கு ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கேரட் என்ற சொல்லுக்கு எந்த மொழியிலும் திரும்பும்.

இனி சவாரி. பந்தயக் குதிரைக்கு உலகம் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அது நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கி மேலே விடுவார். ஆகவே ஒருவர் படிக்கட்டில் ஏறி நின்று, மூச்சு வாங்கி, இஷ்டதெய்வத்தை நினைத்து, காலைத் தூக்கும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும் என்ற விதியே பாராசாரிக்குத் தெரியாது. நம்மவரின் முதல் ஐந்து சவாரிகளும் படிக்கட்டிலேயே முடிந்தன.

ஆறாவது முறை ஏறிவிட்டார். இங்கேதான் சங்கடம். பயத்தில் ஆரம்பக்காரர் என்ன செய்வார்? முன்னால் குனிந்து, முழங்காலை இறுக்கி, கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்து இழுப்பார். ஜாக்கியும் அதையேதான் செய்வார்: முன்னால் குனிந்து, கடிவாளத்தைக் குறுக்கிப் பிடிப்பார். பந்தயக் குதிரை அந்தப் பிடியில் தன் பாரத்தைச் சாய்த்து வேகமெடுக்கப் பழகியது. நம்மவர் “நில்லு” என்று உடம்பால் கெஞ்சியதை, பாராசாரி “கடைசி 400 மீட்டர்” என்று புரிந்துகொண்டது. அவர் இன்னும் இழுத்தார். அது இன்னும் ஓடியது. போதாததற்கு, கிராஞ்சித் திடலில் பந்தயம் இடப்பக்கமாகத்தான் சுற்றும். எனவே இடப்பக்கம் திரும்புவதில் பாராசாரிக்கு ஈடில்லை. வலப்பக்கம் என்பது அதற்கு ஒரு வதந்தி. அன்று நம்மவர் மைதானத்தை இடப்பக்கமாக எத்தனை சுற்றுச் சுற்றினார் என்பதை எண்ணிக்கொண்டிருந்த சைஸ், கடைசியில் வாளியில் ஓட்ஸைக் கொட்டிக் குலுக்கினார். குதிரை நின்றது. நம்மவர் இன்னும் கொஞ்ச தூரம் போனார்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் சொன்ன முதல் வார்த்தை: “சேணம் சரியில்லை.”

இந்த வகையினருக்கு இதுவே இரண்டாம் பருவம். புதுச் சேணம் வந்தது. பிறகு புதுக் கடிவாளம். பிறகு சேணத்தின் அடியில் போட ஆட்டுத்தோல். குதிரையின் மனநிலையை மாற்றும் என்று சொல்லி ஒரு தைலம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினதே சாக்கு என்பார்கள். இங்கே சாக்குகளெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வந்தன. பாராசாரி சாக்குச் சொன்னதே இல்லை.

அடுத்து, குதிரை இளைத்திருப்பதாக நம்மவருக்குப் பட்டது. பந்தயக் குதிரை விலா எலும்பு லேசாகத் தெரியத்தான் இருக்கும். ஆனால் விலா தெரிந்தால் தமிழ்க் குடும்பத்தில் சும்மா விடுவோமா? சிராங்கூன் சாலையில் ஐந்து கிலோ கொள்ளு வாங்கி வந்து, வீட்டுக் குக்கரில் வேகவைத்தார். எட்டு விசில். மனைவி சன்னல்களைத் திறந்தபடி சொன்னார்: “ஏங்க, எங்கம்மா வந்து ஒரு மாசம் தங்கினப்பகூட நீங்க அடுப்படிப் பக்கம் வந்ததில்ல.” பாராசாரி கொள்ளை முகர்ந்து பார்த்து, நம்மவரின் சட்டையில் தும்மியது. ஓட்ஸைக் கூட்டினார். அதைத் தின்றது. தின்ற ஓட்ஸெல்லாம் மறுநாள் அவரை முதுகில் வைத்துக்கொண்டு வெளியே வந்தது.

செலவைப் பற்றி அவரிடம் ஒரு நிலையான வாதம் உண்டு. “கார் வாங்கினால் சிஓஇ மட்டுமே லட்சம் வெள்ளியைத் தொடுகிறது. பத்து வருஷத்தில் அதுவும் காலாவதி. குதிரைக்கு சிஓஇ கிடையாது. இருபத்தைந்து, முப்பது வருஷம் வாழும்!” மனைவி, “அதாங்க எனக்கும் பயம்” என்பார். ஐந்நூறு கிலோ எடையுள்ள ஜீவன் நாளொன்றுக்குப் பத்துக் கிலோவாவது தீனி தின்னும். புல்வெளிக்கு இடமில்லாத தீவில் வைக்கோலும் கப்பலில் வர வேண்டும். லாய வாடகை மாதம் நாலு இலக்கம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், அவ்வப்போது தடுப்பூசி, வருஷத்துக்கு ஒருமுறையாவது பல் ராவுதல். சும்மா வந்த குதிரையின் விலை மாதாமாதம் வந்துகொண்டேயிருந்தது.

இதற்கு நடுவில் பாராசாரிக்கு வியர்ப்பது நின்றுபோனது. குளிர்நாட்டு வம்சக் குதிரைகள் வெப்பமண்டலத்துக்கு வந்தால் சிலவற்றுக்கு இப்படி ஆவதுண்டு. வியர்க்காவிட்டால் உடம்பு சூடேறி ஆபத்து. மருத்துவர் வந்தார், இரண்டு பெரிய மின்விசிறிகள் வந்தன, நாளைக்குப் பலமுறை தண்ணீர் பீய்ச்ச ஏற்பாடானது. பில்லைப் பார்த்த நம்மவருக்கு, குதிரைக்கும் சேர்த்து வியர்த்தது.

நம்மவரைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழருக்கும் குதிரைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் எப்போதும் இப்படித்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாகத் தருவிக்கிறார், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை. தெரிந்தவர்களை வியாபாரிகள் அழைத்துவருவதில்லை, செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! தீனியாக வெந்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம். நம்மவரின் குக்கருக்கு எழுநூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது. அதற்கும் முன்னால், மாணிக்கவாசகர் வாங்கப்போன குதிரைகள் பகலில் பரியாக வந்து இரவில் நரியாக மாறி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பார்த்து வாங்கியவர் பாண்டியர். பக்கத்தில் லாயத்து நிபுணர்களும் நின்றிருப்பார்கள். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கோ சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கினார்கள். அந்தக் குருவும் கடைசியில் ஒரு கிழக் குதிரை கிடைத்து, அதிலிருந்து விழத்தான் செய்தார். ஆனாலும் ஒன்று: பூசணிக்காய்க்கு லாய வாடகை கிடையாது.

இந்த வரிசையில் ஒரு பொதுவான சங்கதி தெரிகிறது. யாரும் தம்மைச் சுமக்கப்போகும் குதிரையை வாங்கவில்லை. பாண்டியர் படையை வாங்கினார். குரு கௌரவத்தை வாங்கினார். நம்மவர், பாராசாரியின்மேல் கம்பீரமாக அமர்ந்திருக்கும் ஒரு நம்மவரை வாங்கினார். அந்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. பிறக்காதவருக்காக வந்த குதிரைமேல், ஒன்பது பாடம் முடித்தவர் ஏற வேண்டியதாயிற்று. குதிரைக்குக் கனவெல்லாம் தெரியாது. முதுகில் இருக்கும் எழுபத்தெட்டுக் கிலோ எந்தப் பக்கம் சரிகிறது என்பது மட்டும் தெரியும்.

2010இல் இங்கே இளையர் ஒலிம்பிக் நடந்தபோது, குதிரையேற்றப் போட்டிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகளைக் கொண்டுவந்து, யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் முன்பின் தெரியாத குதிரையோடு சில நாள் பழகி, தடைகளைத் தாண்டினார்கள். லாயத்திலும் அப்படியொரு பதினான்கு வயதுப் பெண் இருந்தாள். ஆறு வயதிலிருந்து சவாரி. நம்மவருக்கு ‘அலுவலக வேலை’ அதிகமாகி, படிக்கட்டுப் பக்கமே வராமலிருந்த நாட்களில், பாராசாரிக்கு நடை கொடுக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. சில மாதங்களில் குதிரை ஏறும்வரை நின்றது. வலப்பக்கமும் திரும்பியது.

“எப்படிம்மா?” என்று கேட்டார் நம்மவர்.

“நீங்க இழுக்காதீங்க அங்கிள். விட்டுடுங்க, அது நின்னுடும்.”

விட்டுவிடுவதா? நாலு இலக்க வாடகை கட்டுகிறவர், கையில் பிடித்திருக்கும் ஒரே பொருளையும் விட்டுவிடுவதா? அந்த அறிவுரையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆகவே மூன்றாம் பருவம் வந்தது: விற்பனை. விளம்பரத்தைத் தம் கையாலேயே எழுதினார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

‘அழகிய பஞ்சகல்யாணி. ஒன்பது வயது. மிகுந்த உற்சாகம். ஏறுவதற்கு முன்பே புறப்படத் தயார். இடப்பக்கம் அற்புதமாகத் திரும்பும். வளர்ந்துவரும் சவாரிக்காரருக்கு ஏற்றது. நல்ல வீடு கிடைத்தால் சும்மாவே தரப்படும்.’

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் வந்தார். வங்கி வேலை, நாற்பத்திரண்டு வயது, எட்டுப் பாடம் முடித்தவர். புதுக் காலணி, சேறு பட்டதில்லை. குதிரையைப் பார்த்ததும் கண் கலங்கி நின்றார். சைஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். நம்மவர் அவரைக் கையமர்த்திவிட்டு, ஒரு பழுத்த குதிரைக்காரரின் நிதானத்தோடு முன்னால் வந்தார்.

“சார், டாக்டர வச்சுப் பாக்கணும்ங்கறாங்களே, அவசியமா?” என்றார் வந்தவர்.

“எதுக்கு வீண் செலவு? சுழியெல்லாம் எங்க மாமா பாத்தாச்சு.”